சிறைக்குள் ஒருவர், வெளியே ஒரு குடும்பம்: தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்துக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது இது. சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். ஆனால் எந்தக் கிழமை பார்க்க விடுவார்கள், எந்தச் சோப்பு உள்ளே போகும் என்பதெல்லாம் சிறைக்குச் சிறை மாறும். ஆகவே கிளம்புமுன் அந்தச் சிறைக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்கள். பதற்றத்தில் தவறான கையில் கொடுத்த பணம்தான் குடும்பங்களுக்கு அதிகம் நஷ்டமாகிறது. ரசீது, பதிவு எண், எழுத்தில் கோரிக்கை என்ற மூன்றும் கீழே திரும்பத் திரும்ப வரும், அலுத்துக்கொள்ள வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி என் மகனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எப்போது வெளியே வருவான்?

கைது செய்த 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு. அந்த 48 மணி நேரம் நீதிமன்றம் இல்லாத நாளில் முடிந்தால், அடுத்த வேலை நாளில் கொண்டுவந்தால் போதும். அதனால் வெள்ளி இரவு பிடித்தவரைத் திங்கட்கிழமைதான் நீதிமன்றத்தில் பார்ப்பீர்கள்; இடையில் பொது விடுமுறை வந்தால் செவ்வாய்.

அதற்காகத் திங்கள்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. சின்னக் குற்றச்சாட்டு என்றால் முதல் ஆஜருக்கு முன்பே போலீஸ் அதிகாரியே பெயில் கொடுக்கலாம். அதைவிடச் சற்றுக் கனமான சில குற்றங்களுக்கு அரசு வழக்கறிஞர் கொடுக்கலாம். இதை யாரும் தாமாக வந்து சொல்லமாட்டார்கள், கேட்க வேண்டும். காவல் நிலையத்துக்குப் போனால் வழக்கின் கேஸ் எண், விசாரணை அதிகாரியின் பெயரும் போன் எண்ணும், குற்றச்சாட்டு என்ன, எந்த நீதிமன்றம், என்றைக்கு என்ற ஐந்து விவரங்களையும் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். கேஸ் எண் இல்லாமல் எந்த வழக்கறிஞராலும் உங்களுக்கு உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது.

சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மருந்துச் சீட்டோடு அன்றிரவே கொண்டுபோங்கள். நீதிமன்றத்துக்குப் போட ஒரு சுத்தமான சட்டை, பேன்ட்டும் வேண்டும். வீட்டுச் சாப்பாட்டை வாங்குவதும் மறுப்பதும் அந்த ஷிஃப்ட் அதிகாரியைப் பொறுத்தது.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் அரசின் சட்ட உதவி நிறுவனமான லீகல் எய்ட் சவுத் ஆஃப்ரிக்காவின் இலவச எண் 0800 110 110. ஒவ்வொரு நீதிமன்றத்திலும் அவர்களுடைய ஆட்கள் இருப்பார்கள். வருமானச் சோதனை உண்டு. சம்பளச் சீட்டோ, வேலையில்லை என்ற உறுதிமொழியோ தயாராக வைத்திருங்கள்.

பெயில் பணத்தை எங்கே, யார் பெயரில் கட்டுவது? திரும்பக் கிடைக்குமா?

நீதிமன்றம் பெயில் கொடுத்ததும் அங்கேயே காசாளரிடம் கட்டலாம். காசாளர் ஜன்னல் மூடிவிட்டால் அவரைக் கொண்டுபோய் வைத்திருக்கும் சிறையிலேயே கட்டலாம். ரொக்கமாகவும் அடையாள அட்டையோடும் போங்கள்.

ரசீது யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் பணம் திரும்பும். பெரியப்பா பாதி, மைத்துனர் பாதி போட்டுத் திரட்டிய பணமாக இருந்தால், யார் எவ்வளவு கொடுத்தார் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி, நம்பிக்கையான ஒருவர் பெயரில் கட்டுங்கள். மூல ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். போட்டோவும் எடுத்து வையுங்கள். வழக்கு முடிந்தபின் பணம் திரும்ப வரும், தண்டனை கிடைத்தாலும்கூட. நிபந்தனையை மீறினாலோ, தேதிக்கு ஆஜராகாவிட்டாலோதான் போகும்.

நீதிமன்ற வாசலில் நின்று “உள்ளே ஆளைத் தெரியும், இவ்வளவு கொடுத்தால் பெயில் நிச்சயம்” என்று சொல்கிறவருக்கு ஒரு சென்ட்கூடக் கொடுக்க வேண்டாம். ரசீது வராத பணம் பெயில் பணம் அல்ல.

பெயில் கொடுத்தார்கள், ஆனால் தொகையைக் கட்ட முடியவில்லை.

ஆயிரம் ராண்டுக்கும் குறைவான பெயிலைக் கட்ட வழியில்லாமல் மாதக்கணக்கில் உள்ளே கிடப்பவர்கள் இருக்கிறார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 63ஆம் பிரிவின்படி தொகையைக் குறைக்கச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்கலாம். சிறை அளவுக்கு மீறி நிரம்பியிருந்தால், சில வகைக் குற்றங்களுக்கு 63ஏ பிரிவின்படி சிறைத் தலைவரே நீதிமன்றத்தை அணுகலாம். உள்ளே இருப்பவர் சிறை அலுவலரிடம் இதைச் சொல்லிக் கேட்கட்டும்; நீங்கள் வெளியே லீகல் எய்டைக் கேளுங்கள். வீட்டு வருமானம், வாடகை, பிள்ளைகள் எத்தனை பேர் என்பதற்கான தாள்களோடு போனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

பெயில் மறுக்கப்பட்டிருந்தால் புதிய உண்மை ஏதாவது இருந்தால்தான் மறுபடி கேட்க முடியும்: நிலையான முகவரி, வேலைக் கடிதம், புதிய மருத்துவ அறிக்கை போல. பழைய காரணத்தையே இன்னும் உருக்கமாகச் சொல்வதால் பயனில்லை. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடும் செய்யலாம்.

இப்போது அவர் எந்தச் சிறையில் இருக்கிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீதிமன்றத்தில் ரிமாண்ட் செய்யும்போதே எழுத்தரிடம் கேளுங்கள். எங்கே அடைப்பது என்பது காவல் ஆணையிலேயே இருக்கும். ஜே7 என்று அதைச் சொல்வார்கள். டர்பன் பகுதி ஆண்களுக்குப் பெரும்பாலும் வெஸ்ட்வில். அது ஒரே கட்டடம் அல்ல: மீடியம் ஏ விசாரணைக் கைதிகளுக்கு, மீடியம் பி தண்டனை பெற்றவர்களுக்கு, பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் தனித்தனி. தவறான வாசலில் வரிசை நின்று பாதி நாள் போக்கியவர்கள் அநேகம்.

உள்ளே சேர்ந்ததும் அவருக்கு ஒரு பதிவு எண் கொடுப்பார்கள். பணம், கடிதம், பார்வை (நேரில் போய்ப் பார்ப்பது), புகார் எல்லாவற்றுக்கும் அந்த எண் வேண்டும். ஒரே பெயரில் இரண்டு கோவிந்தசாமி இருந்தால் எண் இல்லாத பணம் எங்கே போகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கம் என்னென்ன கொடுக்க வேண்டும்?

இடம், படுக்கை, உடை, சாப்பாடு, மருத்துவம், படிக்க ஏதாவது, தினமும் குறைந்தது ஒரு மணி நேர உடற்பயிற்சி. இதெல்லாம் அரசு செலவில். 1998ஆம் ஆண்டின் 111ஆம் எண் கரெக்‌ஷனல் சர்வீசஸ் சட்டத்தில், அதாவது சிறைத்துறைச் சட்டத்தில் இருக்கிறது. தண்டனைக் கைதிகளின் சீருடை ஆரஞ்சு, விசாரணைக் கைதிகளுடையது மஞ்சள். சீருடை போதாத இடங்களில் விசாரணைக் கைதிகள் சொந்த உடையில் இருப்பதும் உண்டு.

சட்டம் ஒரு பக்கம், கூட்டம் ஒரு பக்கம். பொது அறைகளில் கணக்குக்கு மேல் ஆள், ஒரு கழிப்பறைக்குப் பல பேர். மதியம் மூன்று நான்கு மணிக்கே பூட்டிவிட்டு மறுநாள் காலைதான் திறப்பார்கள். சாப்பாட்டுப் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. இரவுச் சாப்பாட்டுக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் இடையே 14 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஊழியர்கள் ஷிஃப்ட் முடித்துக் கிளம்புவதால் பல இடங்களில் மதியச் சாப்பாட்டையும் இரவுச் சாப்பாட்டையும் சேர்த்து மதியமே கொடுத்துவிடுகிறார்கள். ரொட்டியைப் பத்திரப்படுத்தி ராத்திரி சாப்பிட வேண்டும். பத்திரப்படுத்த இடமில்லாதவனுக்கு அதுவும் போய்விடும். பூட்டிய பிறகு வரும் இந்த நீண்ட பசியைத்தான் நீங்கள் அனுப்பும் டக் ஷாப் (சிறைக்குள் இருக்கும் கடை) பணம் அடைக்கிறது.

மகன் மாட்டிறைச்சி தொடமாட்டான். புரட்டாசியில் சுத்த சைவம். உள்ளே என்ன செய்வான்?

மத, கலாசார உணவு வழக்கங்களை முடிந்தவரை மதிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு ஒரு வழிதான்: உள்ளே சேரும்போதே மதம் இந்து, மாட்டிறைச்சி இல்லை அல்லது சைவம் என்று பதிவேட்டில் எழுதச் சொல்ல வேண்டும். பிறகு கேட்டால் எழுத்தில் கோரிக்கை கொடுத்துச் சமையலறைப் பட்டியலில் பெயர் ஏறும்வரை காத்திருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: சைவம் என்று எழுதிவிட்டுக் கோழி வரும் நாளில் வரிசையில் நின்றால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். புரட்டாசி மாதத்துக்கு மட்டும் சைவம் வேண்டும் என்றால் மாதம் பிறப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே, தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் போட்டுக் கேட்பது நல்லது. வார்டருக்குப் புரட்டாசி என்றால் என்னவென்று தெரியாது, தேதி புரியும்.

வீட்டில் சமைத்ததைக் கொண்டுபோகலாமா என்று அம்மாமார் கேட்பார்கள். பெரும்பாலும் வாங்கமாட்டார்கள். பிரியாணிக்குள் எதையும் ஒளிக்கலாம் என்பது அவர்கள் அனுபவம்.

சுகர், பிரஷர், எச்ஐவி, காசநோய் மருந்துகள்?

உள்ளே சேர்ந்ததும் நர்ஸ் ஒரு உடல்நலச் சோதனை செய்ய வேண்டும். அப்போது அவர் எல்லா நோயையும் சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் மருந்து இடையில் நிற்கும். எச்ஐவி மருந்தும் காசநோய் மருந்தும் சிறைக்குள் இலவசம். இவை விட்டு விட்டுச் சாப்பிடக் கூடாதவை. காசநோய் நெரிசலான அறையில் வேகமாகப் பரவும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், இரவு வியர்வை, எடை குறைவு என்றால் சளிப் பரிசோதனை கேட்கச் சொல்லுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: டாக்டரிடமோ கிளினிக்கிலோ ஒரு கடிதம் வாங்குங்கள். நோயின் பெயர், மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை, கடைசியாக எப்போது பரிசோதித்தது என்று அதில் இருக்கட்டும். அதை வாசல் வார்டரிடம் விடாமல் சிறை மருத்துவப் பிரிவின் நர்ஸ் கைக்குப் போகும்படி கேளுங்கள். நகல் உங்களிடம் இருக்கட்டும். பிளாஸ்டிக் பையில் போட்ட உதிரி மாத்திரைகளை யாரும் வாங்கமாட்டார்கள். மூடிய பெட்டியில், மருந்துக்கடை லேபிளோடு இருந்தால் வாய்ப்பு உண்டு.

இன்சுலின் போடுகிறவர் விஷயம் தனி. மேலே சொன்ன நீண்ட இரவு இடைவெளி அவருக்கு ஆபத்து: சாயங்காலம் ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு இல்லாமல் படுத்தால் சர்க்கரை இறங்கிவிடும். “இரவுக்கு ஒரு சிற்றுணவு அவசியம்” என்று டாக்டர் கடிதத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி, நீங்கள் வாசலில் போடும் சத்தத்தைவிட அதிகம் வேலை செய்யும்.

சொந்தச் செலவில் வெளி டாக்டரை வரவழைத்துக் காட்டிக்கொள்ளவும் சட்டம் இடம் கொடுக்கிறது. முன் அனுமதி வேண்டும்.

பணம் எப்படிக் கொடுப்பது, எவ்வளவு?

கைதி கையில் ரொக்கம் வைத்திருக்கக் கூடாது. பார்வைக்குப் போகும்போது சிறை அலுவலகத்தில் அவருடைய பதிவு எண்ணைச் சொல்லிக் கட்டினால் அவர் கணக்கில் ஏறும், ரசீது வாங்குங்கள். அதிலிருந்துதான் அவர் உள்ளே இருக்கும் டக் ஷாப்பில் வாங்குவார்: சோப்பு, பற்பசை, சர்க்கரை, பால், பிஸ்கட், வேர்க்கடலை வெண்ணெய், மீன் டின், நூடுல்ஸ், போன் கார்டு. தண்டனைக் கைதிகளை ஏ, பி, சி என்று மூன்று சலுகைப் பிரிவாக வைத்திருப்பார்கள். எவ்வளவு செலவழிக்கலாம், எத்தனை பார்வை என்பது பிரிவைப் பொறுத்தது. நன்னடத்தையால் மேலே போகலாம், மொபைல் பிடிபட்டால் கீழே இறங்கலாம்.

எவ்வளவு என்பதற்கு எங்கள் கருத்து: முதல் மாதம் ஆயிரம், அடுத்த மூன்று மாதம் ஒன்றுமில்லை என்பது மோசமான ஏற்பாடு. மாதா மாதம் நூற்றைம்பதோ இருநூறோ தவறாமல் வருவது மேல். நிறையப் பணம் வருகிறவன் என்று தெரிந்தால் கடன் கேட்பவர்களும் மிரட்டுபவர்களும் சேர்வார்கள். பணம் வராமல் நின்றால் அவரே கடன் வாங்குவார். உள்ளே கடன் என்றால் ஒன்றுக்கு இரண்டாகக் கொடுக்க வேண்டியிருக்கும். 26, 27, 28 என்ற எண்களால் அழைக்கப்படும் சிறைக் கும்பல்கள் ஒருவரைப் பிடிப்பது பல நேரம் ஒரு பொட்டலம் புகையிலைக் கடனில்தான்.

துணிமணி, சோப்பு கொண்டுபோகலாமா?

சில சிறைகள் வாங்கும், சில எல்லாவற்றையும் டக் ஷாப்பிலேயே வாங்கச் சொல்லும். வாங்குகிற இடத்தில் பொதுவாகப் போவது: வெள்ளை அல்லது வெளிர்நிற உள்ளாடை, பனியன், சாக்ஸ், சோப்பு, பற்பசை, ரோல் ஆன். போகாதவை: கண்ணாடிப் புட்டி, ஸ்பிரே, கயிறு கோர்த்த பேன்ட், வார்டர் சீருடையை ஒத்த நிறம், திரவ ஷாம்பு. டாக்கீஸ் (கான்வாஸ் ஷூ) கொடுப்பதாக இருந்தால் பெயரில்லாத மலிவானதைக் கொடுங்கள். பிராண்ட் டாக்கீஸ் ஒரு வாரம்கூடக் காலில் இருக்காது. அதற்காக அடியும் வாங்குவார்.

சங்கிலி, மோதிரம், வாட்ச் எல்லாம் சேரும்போதே சொத்துப் பதிவேட்டில் ஏறியிருக்கும். அவர் கையெழுத்திட்ட கடிதத்தோடு போய் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.

பார்க்கப் போகும் நாளில் கவனிக்க வேண்டியது என்ன?

மாதத்துக்குக் குறைந்தது ஒரு மணி நேரப் பார்வை சட்டப்படி உண்டு. நடைமுறையில் பெரும்பாலும் அதைவிட அதிகம் கிடைக்கும். விசாரணைக் கைதிகளைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் பார்க்க முடியும். தண்டனைக் கைதிகளில் மேல் பிரிவினருக்கு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசக் கிடைக்கும்.

எல்லாருக்கும் அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட், பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ். போட்டோ நகல் போதாது. அவர் தம் பார்வையாளர் பட்டியலில் உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறாரா என்று முதலில் உறுதி செய்யுங்கள். முன்பதிவு வேண்டிய இடங்களும் உண்டு. மொபைல் உள்ளே வராது. சோதனை உண்டு, பெண்களைப் பெண் அதிகாரிதான் சோதிக்க வேண்டும். சீக்கிரமே போங்கள், நேரம் முடிந்தால் வரிசையில் எத்தனை பேர் நின்றாலும் கதவு மூடிவிடும்.

“இந்தப் பொட்டலத்தை மட்டும் கொடுத்துவிடு மச்சான்” என்று யாராவது வாசலில் கேட்டால் விலகிப்போங்கள். உள்ளே என்ன இருந்தாலும் கைதாவது கொண்டுபோகிறவர்தான். உங்கள் அண்ணனே மொபைல் கேட்டாலும் இதே பதில்.

வழக்கறிஞரின் பார்வை இந்தக் கணக்கில் சேராது.

கடிதம் தமிழில் எழுதலாமா? போன் பேச முடியுமா?

எழுதலாம். ஆனால் கடிதங்களைத் திறந்து பார்ப்பார்கள். படிக்கத் தெரிந்தவர் இல்லாவிட்டால் கடிதம் மேசையிலேயே கிடக்கும். அவசரச் செய்தியை ஆங்கிலத்தில் எழுதுங்கள். பாட்டியின் கடிதம் தமிழில் இருக்கட்டும், மேலே ஆங்கிலத்தில் “குடும்பக் கடிதம், பாட்டியிடமிருந்து” என்று ஒரு வரி போதும். உறைமேல் முழுப்பெயர், பதிவு எண், சிறையின் எந்தப் பிரிவு. பணத்தை உறைக்குள் வைக்காதீர்கள்.

போன் பொதுத் தொலைபேசியில்தான். அவர் கூப்பிடுவார், நீங்கள் கூப்பிட முடியாது. ஆகவே வீட்டு எண்ணை மாற்றாதீர்கள்.

“பணம் அனுப்பு, இல்லாவிட்டால் உன் தம்பிக்கு ராத்திரி நடப்பது வேறு” என்று போன் வருகிறது.

ஈவாலட்டிலோ (போன் வழியாகப் பணம் அனுப்பும் வசதி) ஏர்டைமாகவோ கேட்பார்கள். முதல் தடவை கொடுத்தால் மறுவாரம் இரட்டிப்பாகக் கேட்பார்கள். உங்கள் தம்பியே துப்பாக்கி முனையில் பேசுவதுபோலப் பேசலாம்; சில சமயம் அவரே கடனை அடைக்க நாடகம் ஆடுவதும் உண்டு என்று சொல்வது கசப்பான விஷயம்.

எண், நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் எழுதுங்கள். சிறைத் தலைவரிடமோ பொறுப்பு அதிகாரியிடமோ போய், அவரை வேறு அறைக்கு மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மிரட்டுகிறவரின் பெயரை வாசல் வரிசையில் உரக்கச் சொல்ல வேண்டாம். நிஜமாகவே கடன் என்றால் அது எவ்வளவு, யாருக்கு, எப்படி வந்தது என்று நேருக்கு நேர் பார்வையில் கேளுங்கள், போனில் கேட்காதீர்கள்.

அடித்திருக்கிறார்கள். அல்லது அதைவிட மோசம். எங்கே சொல்வது?

முதலில் உடம்பு. பாலியல் வன்முறை என்றால் எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. விசாரணை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நர்ஸிடம் அன்றே போக வேண்டும். குளிக்காமல், துணியை மாற்றாமல் போனால் சாட்சியமும் நிற்கும்.

பிறகு புகார். தினமும் புகாரும் கோரிக்கையும் சொல்ல வாய்ப்புக் கொடுத்து, பதிவேட்டில் எழுத வேண்டியது சிறையின் கடமை. எழுதிய தேதியை அவர் மனதில் வைத்துக்கொள்ளட்டும். அதற்கு மேல் சிறைகளுக்கான நீதித்துறைக் கண்காணிப்பகம் இருக்கிறது. ஜிக்ஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பதவியிலிருக்கும் அல்லது ஓய்வுபெற்ற நீதிபதி அதன் தலைவர். அவர்களுடைய சுயேச்சைப் பார்வையாளர்கள் சிறைகளுக்குள் வந்து கைதிகளைத் தனியாகப் பார்ப்பார்கள். குடும்பத்தாரும் நேரே எழுதலாம். காவல் நிலையத்தில் வழக்கும் போடலாம்.

நஷ்டஈடு கேட்பதாக இருந்தால் ஒரு கெடு இருக்கிறது: அரசுத் துறைக்கு எதிரான வழக்குக்கு ஆறு மாதத்துக்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். வெளியே வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

விபூதி, சாமி படம், காவடி விரதம்?

சிறைகளில் ஆன்மிகச் சேவைப் பிரிவு உண்டு. அதன் வழியாக இந்து ஆன்மிகப் பணியாளர்கள் வருகிறார்கள். உங்கள் கோயிலிலிருந்து யாராவது போக விரும்பினால் அந்தப் பிரிவின் அனுமதி வேண்டும். சட்டைப் பையில் விபூதியோடு நேராகப் போய் நிற்க முடியாது. பொடியாக இருப்பது எதுவும் வாசலில் சந்தேகத்துக்குரியது. கற்பூரமும் ஊதுபத்தியும் நெருப்பு. சின்ன அச்சுப் படம், தேவாரம் அல்லது கந்தர் சஷ்டி கவசப் புத்தகம் போகும். கெட்டி அட்டை இல்லாமல் இருந்தால் சிக்கல் குறைவு. விரதம் இருக்கலாம், ஆனால் மருத்துவப் பிரிவுக்குச் சொல்லிவிட்டு இருக்கட்டும். இல்லாவிட்டால் உண்ணாவிரதப் போராட்டம் என்று பதிவாகிவிடும்.

அப்பா இறந்துவிட்டார். கொள்ளி வைக்க மூத்த மகன் உள்ளே இருக்கிறான்.

நம் வழக்கப்படி உடலை மறுநாளே கிளேர் எஸ்டேட் தகன மேடைக்குக் கொண்டுபோய்விடுவோம். சிறை நிர்வாகம் அந்த வேகத்தில் நகராது. தண்டனைக் கைதிக்குத் தற்காலிக விடுப்புத் தரச் சட்டத்தில் இடமுண்டு. தருவது சிறைத் தலைவரின் முடிவு, உரிமையாகக் கேட்க முடியாது. விசாரணைக் கைதிக்குக் கிடைப்பது மிகக் கடினம். வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தைக் கேட்க வேண்டியிருக்கும்.

இறந்த செய்தி தெரிந்த அன்றே மரண அறிவிப்பின் நகல், இறுதிச் சடங்கு நடத்துபவரின் கடிதம் (இடம், நாள், நேரம்), உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ், வீட்டில் ஒருவரின் போன் எண் ஆகியவற்றோடு நேரில் போங்கள். தகனத்தை இரண்டு நாள் தள்ளிவைக்க முடியுமானால் வாய்ப்புக் கூடும். அனுமதி வந்தாலும் காவலோடு, விலங்கோடு, குறைந்த நேரத்துக்குத்தான். வீட்டுப் பெரியவர்களுக்கு இதை முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

வரவில்லை என்றால் இளைய மகனோ பங்காளியோ கொள்ளி வைக்கட்டும், உள்ளே இருப்பவரிடம் அந்த நேரத்தைச் சொல்லிவிடுங்கள். செய்தியைப் பொதுப் போனில் சொல்லாமல், சிறைச் சமூகப் பணியாளர் மூலம் சொல்லச் சொல்வது நல்லது. அன்றிரவு அவர் நாற்பது பேர் இருக்கும் அறையில் தனியாகப் படுப்பார். கண்காணிப்பில் வைக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

உள்ளே இருப்பவர் பெண். கைக்குழந்தை உண்டு.

இரண்டு வயதுவரை குழந்தை தாயோடு இருக்கலாம். உணவு, உடை, மருத்துவம் அரசு செலவு. இரண்டு வயது நெருங்கும்போது யார் வளர்ப்பது என்பதைச் சமூகப் பணியாளர் முடிவு செய்வார். பாட்டியோ சித்தியோ தயார் என்றால் முன்பே எழுதிக் கொடுங்கள். யாரும் வராவிட்டால் குழந்தை வேறு பராமரிப்புக்குப் போகும்.

பிடிபட்டது பதின்மூன்று வயதுப் பையன்.

14 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையைச் சிறையில் அடைக்கக் கூடாது. 12 வயதுக்குக் கீழ் வழக்கே கிடையாது. 2022 முதல் அதுதான் எல்லை. பெற்றோர் உடனே போய் நின்றால், பெற்றோர் பொறுப்பில் விடுவதுதான் முதல் வழி.

வீட்டுச் செலவு, வேலை, கிராண்ட் (அரசு உதவித்தொகை) எல்லாம் என்ன ஆகும்?

முதியோர் அல்லது ஊனமுற்றோர் கிராண்ட் வாங்குகிறவர் சிறைக்குப் போனால் கிராண்ட் கொடுக்கும் அரசு நிறுவனமான சாஸாவுக்குச் சொல்ல வேண்டும், கிராண்ட் நிற்கும். கார்டு வீட்டில்தானே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே இருந்தால் பின்னால் கடனாகத் திரும்பி வரும். பிள்ளைகளின் கிராண்ட் அவர் பெயரில் இருந்தால், இப்போது பிள்ளைகளை வளர்க்கிறவர் தம் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும்.

வேலையிடத்துக்கு முதல் வாரத்திலேயே எழுதுங்கள். வரவில்லை என்று தானாக நீக்க முடியாது. தன் பக்கத்தைச் சொல்ல அவருக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். நீக்கிவிட்டால் 30 நாளுக்குள் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் சிசிஎம்ஏவில் புகார் போடலாம். வங்கிக் கணக்குக்கும் கார் தவணைக்கும் அவரிடம் அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குங்கள். சத்திய உறுதி வாங்கும் ஆணையரின் முத்திரை சிறைக்குள்ளேயே கிடைக்கும். மரணச் செலவுப் பாலிசியின் பிரீமியத்தை மட்டும் எப்பாடுபட்டாவது கட்டிக்கொண்டிருங்கள்.

தண்டனை கொடுத்துவிட்டார்கள். மேல்முறையீடு?

அனுமதி கேட்டு 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தாமதமானால் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டிவரும். மேல்முறையீடு போட்டதாலேயே வெளியே விடமாட்டார்கள். அதற்குத் தனியாகப் பெயில் கேட்க வேண்டும்.

கோக்ஸ்டாட் சிறைக்கு மாற்றிவிட்டார்கள். வெருலத்திலிருந்து போக முடியவில்லை.

விடுதலையானபின் எங்கே வாழப்போகிறாரோ அதற்கு அருகில் வைக்க வேண்டும் என்பது கரெக்‌ஷனல் சர்வீசஸ் சட்டத்தின் 43ஆம் பிரிவு. ஆனால் இடவசதியைப் பொறுத்து என்றும் அதே பிரிவு சொல்கிறது. அவரே வழக்கு மேலாண்மைக் குழுவிடம், சிஎம்சி என்பார்கள், விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் முகவரிச் சான்று, நோயாளித் தாயின் மருத்துவக் கடிதம், பிள்ளைகளின் பள்ளிக் கடிதம், ஒரு உறுதிமொழி ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். உயர் பாதுகாப்புக் காரணமாக அங்கே போனவர் என்றால் அந்த வகைப்பாடு குறையும்வரை நகர்வது அரிது.

பரோல் எப்போது? குடும்பம் என்ன செய்ய வேண்டும்?

24 மாதம் வரையான தண்டனைக்குக் கால் பங்கு, அதற்கு மேல் பாதி முடிந்தபின் பரோலுக்குப் பரிசீலிப்பார்கள். நீதிமன்றம் வேறு காலம் குறித்திருந்தால் அதுதான் கணக்கு. ஆயுள் தண்டனைக்கு இப்போதைய சட்டப்படி 25 ஆண்டு. 2004 அக்டோபருக்கு முந்தைய குற்றங்களுக்குக் கணக்கு வேறு. பரிசீலனை என்றால் விடுதலை அல்ல. பாதி முடிந்த நாளில் கோழி வெட்டி விருந்து தயார் செய்தவர்கள் உண்டு.

பரோல்கள் எதில் இழுபடுகின்றன என்று கேட்டால் எண்ணிக்கை சொல்ல மாட்டோம், ஆனால் முகவரியில் இழுபடுவதை அடிக்கடி காணலாம். கண்காணிக்கத்தக்க முகவரி வேண்டும். அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார், வீட்டுக்காரர் சம்மதம் கேட்பார். வாடகை வீடு என்றால் உரிமையாளர் மறுக்கலாம். பாதிக்கப்பட்டவர் அதே வீட்டிலோ அதே தெருவிலோ இருந்தால் வேறு முகவரி தேடுங்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கும் பரோல் வாரியத்தின் முன் பேச உரிமை உண்டு. அதிகாரி வரும் நாளில் அக்கா ஒன்று, அண்ணி ஒன்று சொல்லக் கூடாது. மனமில்லாமல் சம்மதம் சொல்வதும் வேண்டாம்: பரோலில் வந்தவர் வீட்டுக் காவல் நேரத்தில் வெளியே போனால் திரும்ப உள்ளே போவார், பழி வீட்டின்மேல் விழும்.

உள்ளே படித்தவை, பயிற்சிகள், போதை சிகிச்சை எல்லாவற்றின் சான்றிதழ் நகலும் கோப்பில் இருக்கிறதா என்று அவரே கேட்டு உறுதி செய்யட்டும். சிறை மாறும்போது தாள்கள் பின்தங்கிவிடும்.

அவர் இந்தியக் குடிமகன், அல்லது இலங்கையர்.

தன் நாட்டுத் தூதரகத்தோடு தொடர்புகொள்ள அவருக்கு உரிமை உண்டு. அவர் கேட்க வேண்டும். இந்தியருக்கு டர்பனிலேயே துணைத் தூதரகம் இருக்கிறது, இலங்கையருக்குப் பிரிட்டோரியாவில் தூதரகம். அவர்கள் வழக்கை நடத்தமாட்டார்கள், பெயில் கட்டமாட்டார்கள். ஊரில் இருக்கும் குடும்பத்துக்குச் செய்தி சொல்வார்கள், பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பார்கள். தண்டனை முடிந்ததும் நாடு கடத்துவதற்காக உள்துறை பிடித்துவைக்கலாம். பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தால் அந்தக் காத்திருப்பு நீளும், ஆகவே விடுதலைக்குச் சில மாதம் முன்பே கேளுங்கள்.

விடுதலை நாளன்று என்ன கொண்டுபோக வேண்டும்?

அளவு மாறியிருக்கும், ஆகவே தளர்வான உடை. உள்ளே வைத்த சொத்துகளின் ரசீது, கணக்கில் மிச்சமுள்ள பணத்துக்கான தாள், விடுதலைச் சான்று ஆகியவற்றைச் சரிபார்க்காமல் வாசலை விட்டு நகராதீர்கள். தொடர் மருந்து சாப்பிடுகிறவர் என்றால் மருத்துவப் பிரிவிலிருந்து வெளி கிளினிக்குக்கான மாற்றுக் கடிதமும் கையிருப்பு மருந்தும் கேளுங்கள். கிளினிக்கில் புதிதாகத் தொடங்கினால் முதல் தேதி கிடைக்க நாளாகும். பரோலில் வருகிறவர் தம்மைக் கண்காணிக்கும் சமூகத் திருத்த அலுவலகத்தில் எந்த நாள், எந்த நேரம் கையெழுத்திட வேண்டும் என்பது தாளில் இருக்கும். அடையாள அட்டை தொலைந்திருந்தால் மறுநாளே உள்துறை அலுவலகம்; அது இல்லாமல் வங்கியும் வேலையும் நகராது.